கடலுக்குப் போகும் காரும் மேல் கேரியரும்: ராமநாதபுரம் கரைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

பாம்பன், மண்டபம், பிரப்பன்வலசை, அரியமான் பக்கம் கைட் போர்டு (பெரிய பட்டம் இழுக்க நின்று போகும் பலகை), சப் போர்டு (நின்றபடி துடுப்பு போடும் பலகை), கயாக் (உட்கார்ந்து துடுப்பு போடும் சின்னப் படகு) என்று கடல் விளையாட்டு பழகுகிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். சாமானை வாங்கிய கையோடு எல்லாரும் கேட்பது, அதைக் காரில் எப்படி ஏற்றிக்கொண்டு போவது என்பதுதான். ஷோரூமில் கேட்டால் கம்பெனி கேரியர் விலை தலையைச் சுற்ற வைக்கும். வெளியில் வாங்குகிற மலிவான கேரியர் நம் உப்புக்கும் காற்றுக்கும் தாங்குமா, எதைப் பார்த்து வாங்குவது? அதற்கான பதில்கள் இவை.

முதலில், எனக்கு மேல் கேரியர் தேவைதானா?

பலருக்குத் தேவையில்லை. கைட் சர்ஃபிங் பழகுகிறவரின் பலகை பெரும்பாலும் ஒன்றரை மீட்டருக்குள்தான். பின் சீட்டை மடித்தால் சின்னக் காரிலும் படுத்துவிடும். கைட் துணி பைக்குள் சுருண்டுவிடும். காற்றடிக்கும் வகை சப் போர்டும் அப்படித்தான், சுருட்டினால் முதுகுப் பை அளவு. கிரிக்கெட் கிட்டுக்கும் வாலிபால் வலைக்கும் டிக்கியே தாராளம். சிலம்பக் கம்பைக் குறுக்காகச் சாய்த்தால் உள்ளேயே போய்விடும்.

கேரியர் உண்மையாகவே வேண்டியவர்கள் நான்கு வகை: 10 அடி கெட்டி சப் போர்டு வைத்திருப்பவர், சர்ஃப் போர்டு வைத்திருப்பவர், கயாக் வைத்திருப்பவர், சைக்கிளைக் கழற்றாமல் கொண்டுபோக நினைப்பவர். பள்ளி, கல்லூரி தடகளப் பயிற்சியாளர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆண்கள் ஈட்டி 2.6 மீட்டருக்குக் குறையாது. அதை டாஷ்போர்டிலிருந்து டிக்கி வரை நீட்டி, பிள்ளைகள் தலையோரமாகக் கூர்முனை இருக்க ஓட்டிப் போகிறார்கள். திடீரென்று பிரேக் அடித்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே பதறுகிறது. ஈட்டி வண்டியின் மேலே, உறைக்குள், கட்டி இருக்க வேண்டிய சாமான்.

நம் மாவட்டத்துக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. தெற்கிலிருந்து வரும் சோழகக் காற்று அடிக்கும் மாதங்களில் தெற்குக் கடல் கலங்கிக் கிடக்கும்போது வடகரை தட்டையாக இருக்கும். வாடை வந்தால் தலைகீழ். அதனால் காலையில் ஒரு கரை, மாலையில் மறு கரை என்று பலகையைத் தூக்கிக்கொண்டு அலைவது இங்கே வாடிக்கை. அப்படி அலைகிறவருக்குக் கேரியர் வீண் செலவில்லை.

என் காருக்கு எந்த வகை பொருந்தும்?

கடைக்குப் போகுமுன் காரின் கூரையைப் பாருங்கள். ஆம்னி, பழைய சுமோ, அம்பாசடர் மாதிரி வண்டிகளில் கூரையின் இரு ஓரமும் மழைத் தண்ணீர் ஓடும் விளிம்பு நீளமாக இருக்கும். இதுதான் இருப்பதிலேயே எளிது, மலிவு. விளிம்பைக் கவ்வும் கால்கள் நான்கு, குறுக்குப் பார் இரண்டு, வேலை முடிந்தது.

அடுத்தது, கூரையில் நீளவாக்கில் ரெயில் இருக்கும் வண்டிகள். ரெயிலுக்கும் கூரைக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி இருந்தால் குறுக்குப் பார் மாட்டுவது சுலபம். இடைவெளி இல்லாமல் கூரையோடு ஒட்டிய ரெயில் என்றால் அதற்கான தனிக் கால் வேண்டும்.

மூன்றாவது, ஒன்றுமே இல்லாத வழுவழுப்பான கூரை. சின்னக் கார்களில் பாதிக்கு மேல் இதுதான். இதற்குக் கதவுச் சட்டத்தின் மேல் விளிம்பைக் கொக்கி போட்டுப் பிடிக்கும் கால்கள் வரும். கவனம் இங்கேதான் அதிகம் வேண்டும். ஒவ்வொரு மாடலுக்கும் கதவு விளிம்பின் வளைவு வேறு. 'எல்லா வண்டிக்கும் செட் ஆகும்' என்று எழுதி விற்கிற கொக்கி உங்கள் விளிம்பில் பாதிதான் உட்காரும். மாடல் பெயரும் வருடமும் போட்டு விற்பதை மட்டும் வாங்குங்கள்.

ஏற்கெனவே கூரையில் ரெயில் இருக்கிறதே, அதில் கட்டினால் போதாதா?

அது பாரம் தாங்கும் ரெயிலா, அழகுக்கு ஒட்டிய ரெயிலா என்று முதலில் தெரிய வேண்டும். நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் பல வண்டிகளின் ரெயில் அலங்காரம்தான். அதிலும் ஆக்சசரீஸ் கடையில் போட்டவை பெரும்பாலும் இரட்டைப் பக்க டேப்பில் நிற்பவை. வண்டியோடு வந்த கையேட்டில் 'ரூஃப் லோடு' என்ற வரியைத் தேடுங்கள். ரெயிலில் பாரம் ஏற்றக் கூடாது என்று எழுதியிருந்தால் அதோடு விட்டுவிடுங்கள். கையேடு இல்லையென்றால் சர்வீஸ் சென்டரில் மாடலைச் சொல்லிக் கேளுங்கள். கையால் ஆட்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். நின்ற வண்டியில் அசையாத டேப், 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று இழுக்கும்போது உரிந்து வரும்.

எவ்வளவு எடை ஏற்றலாம்?

கையேட்டில் உள்ள அளவுதான் உச்சவரம்பு. சாதாரணக் கார்களுக்கு அது 50 முதல் 75 கிலோவுக்குள் இருப்பது வழக்கம். கேரியரின் எடையும் அதற்குள் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கணக்குப் போடுவோம். உங்கள் காருக்கு 50 கிலோ என்று வையுங்கள். இரண்டு குறுக்குப் பாரும் கால்களும் சேர்ந்து 6 கிலோ. மீதி 44. ஒற்றை ஆள் பிளாஸ்டிக் கயாக் 20 முதல் 25 கிலோ இருக்கும். ஒன்று ஏற்றலாம், இரண்டு ஏற்றினால் வரம்பு தாண்டும் அல்லது தொட்டுக்கொண்டு நிற்கும். இரட்டை ஆள் கயாக் 30 கிலோவுக்கு மேல், அதோடு வேறு எதுவும் வேண்டாம். கெட்டி சப் போர்டு 10 முதல் 15 கிலோ, இரண்டை அடுக்கலாம்.

கேரியர் பெட்டியில் '100 கிலோ தாங்கும்' என்று போட்டிருந்தால் அது கேரியரின் கதை. உங்கள் காரின் கூரை 50 என்றால் 50தான்.

பாஸ்கெட் வாங்கவா, வெறும் பார் வாங்கவா?

பார். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. பாஸ்கெட் பார்க்க மிடுக்காக இருக்கும், ஆனால் அதுவே 15 கிலோ வரை எடையைத் தின்றுவிடும். அதன் ஓர விளிம்பில் நீளப் பலகை சமமாகப் படுக்காது. எத்தனையோ குழாய்களும் வெல்டிங் முட்டுகளும் இருப்பதால் உப்பு குடியேற எத்தனையோ இடம். காசை நல்ல கால்களிலும் பலகையைக் கட்டும் நல்ல பட்டைகளிலும் போடுங்கள், கூடையில் போடாதீர்கள்.

எவ்வளவு செலவாகும்?

உங்கள் மாடலுக்கென்று வரும் உள்நாட்டு அலுமினியப் பார் ஒரு ஜோடி சுமாராக மூவாயிரத்திலிருந்து ஏழாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். தூலே மாதிரி வெளிநாட்டு பிராண்டுக்குப் போனால் பார், கால், பொருத்தும் கிட் மூன்றையும் தனித்தனியாக வாங்க வேண்டியிருக்கும், கூட்டினால் பல மடங்கு. தரம் அருமைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் வாரம் ஒருமுறை ஒரு பலகை கொண்டுபோகிறவருக்கு அது கட்டாயமில்லை.

மிச்சம் பிடிக்கக்கூடிய இடம், பாருக்கும் பலகைக்கும் நடுவே வரும் மெத்தை. கேரியரோடு பிராண்டு பெயர் போட்டு வரும் மெத்தைக்குப் பதிலாக, ஏசி பைப்புக்குச் சுற்றும் கறுப்பு நுரைக் குழாயை ஏசி மெக்கானிக் கடையில் மீட்டர் கணக்கில் வாங்கி, நீளமாகக் கீறிப் பாரில் மாட்டினால் போதும். வெயிலில் நொறுங்கும்போது மாற்றிக்கொள்ளலாம். மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் பட்டை. அதைப் பிறகு சொல்கிறேன்.

வெல்டிங் பட்டறையில் செய்துவிட்டால் என்ன?

மழை விளிம்பு உள்ள வண்டி என்றால் தாராளமாகச் செய்யலாம். ராமேஸ்வரம் வரும் யாத்திரை வண்டிகளுக்குக் காலங்காலமாகப் பட்டறைக் கேரியர்தான். வழுவழுப்பான கூரைக்கு மட்டும் பட்டறைக் கால் வேண்டாம். கொக்கியின் வளைவு கொஞ்சம் பிசகினாலும் கதவு ரப்பர் நசுங்கும், மழை உள்ளே ஒழுகும், மோசமான நேரத்தில் கால் வழுக்கும். கூரையில் ஓட்டை போட்டு போல்ட் அடிக்கிறேன் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். அந்த ஓட்டையிலிருந்துதான் கூரை துருப்பிடிக்கத் தொடங்கும்.

பட்டறையில் சொல்ல வேண்டியவை சில. ஜிஐ குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) போட்டால் வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். மற்ற இடமெல்லாம் பளபளவென்று இருக்க, அந்த முட்டு மட்டும் ஒரே மழைக்காலத்தில் செம்பழுப்பாகிவிடும். அதனால் வெல்டிங் ஆறியதும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துத்தநாக பிரைமர் இரண்டு கை அடித்து, அதன்மேல் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். பூச்சு எரியும் புகை நுரையீரலுக்குக் கெடுதல். வேலை திறந்த வெளியில் நடக்கட்டும், பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டாம். குழாயின் இரு முனையும் மூடி போட்டு அடைபட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் உள்ளே தங்கி உள்ளிருந்து அரிக்கும்.

"அண்ணே, நல்லா கனமா போட்டுத் தர்றேன், ஆனை ஏறினாலும் அசையாது" என்பார் பட்டறைத் தம்பி. ஆனைக் கனம் நமக்கு வேண்டாம். கேரியர் கனத்தால் பலகைக்கு இடமில்லாமல் போகும். மெல்லிய சதுரக் குழாய் இரண்டு போதும் என்று நின்றுகொள்ளுங்கள்.

உப்புக் காற்றுக்கு எந்த உலோகம்?

நம் கரையில் கேரியரைக் கொல்வது பாரம் அல்ல, உப்பு.

இரும்புக்குப் பவுடர் கோட்டிங் அடித்த பார் மலிவு. கோட்டிங் கீறாத வரை நன்றாக இருக்கும். ஆனால் பட்டை உரசும் இடத்திலும் கால் இறுகும் இடத்திலும் கீறாமல் இருக்காது. அலுமினியப் பார்தான் என் தேர்வு. எடை குறைவு, துருவும் பிடிக்காது.

அலுமினியத்திலும் ஒரு பொறி இருக்கிறது. பாரைக் காலோடு பிடிக்கும் போல்ட்டுகள் எஃகில் வரும். அலுமினியமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் உப்புத் தண்ணீரில் நனைந்து ஒட்டிக் கிடந்தால் அலுமினியம் அரிபடும். ஒரு வருடம் கழற்றாமல் விட்ட காலைக் கழற்றிப் பாருங்கள்: போல்ட்டைச் சுற்றி வெள்ளை மாவு பூத்திருக்கும், மரை இறுகிப்போய் ஸ்பேனர் வழுக்கும், பலமாகத் திருகினால் போல்ட் தலை கையோடு வந்துவிடும். தீர்வு எளிது. வாங்கிய அன்றே எல்லா போல்ட்டையும் கழற்றி, மரைக்குக் கிரீஸ் தடவி, நடுவில் நைலான் வாஷர் போட்டு மாட்டுங்கள். மாற்ற வேண்டி வந்தால் 304 என்ற ரக ஸ்டெயின்லெஸை விட 316 ரகம் உப்புக்கு நன்றாகத் தாங்கும். படகு வேலை நடக்கும் ஊர்களில் கேட்டால் கிடைக்கும்.

கடலிலிருந்து வந்ததும் கேரியரையும் பட்டைகளையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்கிறேன். நம் மாவட்டத்தில் பல ஊர்களில் போர் தண்ணீரே உப்பு. அதை ஊற்றிக் கழுவினால் உப்பின்மேல் உப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர் ஒரு குடம் எடுத்து, துணியை நனைத்துக் கால்களின் இடுக்கைத் துடைத்தாலே போதும், தண்ணீரும் வீணாகாது.

தனுஷ்கோடி போகிறவர்கள் கூடுதலாகக் கவனியுங்கள். அரிச்சல்முனை வரை போகும் அந்தச் சாலையில் இரு பக்கமும் கடல். காற்று மணலையும் நீர்த்துளியையும் சேர்த்தே வீசும். மணல் துகள் ஒன்று காலின் ரப்பருக்கு அடியில் சிக்கினால் போதும், கூரை பெயின்ட்டைத் தேய்த்து எடுத்துவிடும். கால் உட்காரும் இடத்தில் ஒளிபுகும் பாதுகாப்புப் படலத்தை ஒட்டிவிடுங்கள்.

பாம்பன் பாலத்தில் பலகையோடு போவது ஆபத்தா?

முறையாகக் கட்டியிருந்தால் ஆபத்தில்லை. கட்டாமல் போனால் ஆபத்து.

1988-ல் திறந்த சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். கீழே படகு போக வேண்டும் என்பதால் நடுவில் உயர்ந்து நிற்கிறது. இரு பக்கமும் மரமோ கட்டடமோ மறைப்புக்கு இல்லை. பக்கத்தில் இருந்த 1914-ம் ஆண்டு ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டால் ரயிலையே நிறுத்திவைப்பார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

காற்றின் விசை வேகத்தின் இருமடிப்படி ஏறும். 60-ல் ஓடும்போது இருக்கும் இழுவை 90-ல் இரண்டே கால் மடங்கு. அதோடு எதிர்க்காற்றும் சேரும்: நீங்கள் 60-ல் போக, எதிரே 40-ல் காற்று வந்தால் பலகைக்கு அது 100. சப் போர்டு அகலமான தட்டைப் பொருள். அதன் மூக்குக்கு அடியில் காற்று புகுந்து தூக்கத் தொடங்கினால், தூக்கும் விசை 12 கிலோ பலகையின் எடையைத் தாண்டிவிடும். அப்போது பலகையைக் கீழே பிடித்து நிறுத்துவது பட்டை மட்டும்தான். பட்டையின் மொத்த விசையும் நான்கு கால்களுக்குப் போகும்.

ஆகவே பாலம் ஏறுமுன் ஓரமாக நிறுத்தி இறங்கி, பலகையை இரு கையாலும் பிடித்து உலுக்கிப் பாருங்கள். கார் ஆட வேண்டும், பலகை தனியாக ஆடக் கூடாது. பாலத்தில் 40, 50-க்கு மேல் வேண்டாம். எதிரே பஸ் வந்து கடக்கும் நொடியில் காற்று ஒருகணம் மறைந்து திரும்ப அறையும், ஸ்டீயரிங்கை இரு கையாலும் பிடியுங்கள். சோழகம் முழு வீச்சில் இருக்கும் மதிய நேரத்தில் பெரிய கயாக்கோடு பாலம் ஏறுவதை நான் ஆதரிக்க மாட்டேன். அதிகாலையில் போய்விடுங்கள்.

சரி, எப்படிக் கட்டுவது?

இரண்டு பாருக்கும் நடுவே குறைந்தது 70 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும், கூரை இடம் கொடுத்தால் இன்னும் அதிகம். சப் போர்டைக் கவிழ்த்து வையுங்கள், மூக்கு முன்னால் இருக்கட்டும். நிமிர்த்தி வைத்தால் மேல்நோக்கி வளைந்திருக்கும் மூக்கு, கவிழ்த்ததும் கீழ்நோக்கி வளையும், எதிர்க்காற்று அதைத் தூக்காமல் அழுத்தும். பலகை அடியில் நிற்கும் ஃபின் (மீன் துடுப்பு மாதிரித் தகடு) கழற்றக்கூடியது என்றால் கழற்றிவிடுங்கள். மேலே உட்கார்ந்து ஓட்டும் வகைக் கயாக்கையும் கவிழ்த்தே வைக்கலாம், உள்ளே மழைத் தண்ணீர் தேங்காது.

பட்டைக்கு ஒன்றரை அங்குல அகலம், பல் கவ்வும் பக்கிள் உள்ளது எடுங்கள். லாரிக்குப் போடும் ராட்செட் பட்டை வேண்டாம். நாலு இழுப்பில் பலகை விளிம்பு நொறுங்கிவிடும், தெரியவே தெரியாது. பிளாஸ்டிக் கயாக் வெயிலில் இளகியிருக்கும்போது இறுக்கினால் அடிப்பகுதி குழிந்துபோகும். பட்டையைப் பலகையின் மேல் போட்டு, பாரின் அடியில் சுற்றி, திரும்ப மேலே கொண்டுவந்து கையால் இழுக்கும் அளவு இறுக்குங்கள். நடுவில் ஒரு முறுக்கு கொடுத்தால் காற்றில் பட்டை அதிர்ந்து ஊளையிடாது. தொங்கும் மிச்ச நுனியை முடிந்துவிடுங்கள்.

இவ்வளவு போதும் என்று நிறுத்திவிடாதீர்கள். பலகையின் முன்நுனியிலிருந்து காரின் முன் இழுவைக் கொக்கிக்கு ஒரு கயிறு, பின்நுனியிலிருந்து பின் கொக்கிக்கு ஒரு கயிறு. ஒரு கால் கழன்றாலும் பலகை சாலையில் பறக்காமல் பிடிப்பது இந்தக் கயிறுகள்தான். பின்னால் பைக்கில் வருகிறவரின் உயிர் அதில் இருக்கிறது. கயிற்றுக்கு மீன்பிடி சாமான் கடை நைலான் கயிறு நல்லது. மலிவான பிளாஸ்டிக் கயிறு வெயிலில் நார் நாராகிவிடும். முடிச்சு போடத் தெரியாதென்றால் கரையில் படகு கட்டுகிற அண்ணன் யாரிடமாவது கேளுங்கள், அவர்கள் போடும் முடிச்சு காற்றில் இறுகும், கையால் அவிழும்.

கிளம்பி 20 கிலோமீட்டர் போனதும் நிறுத்தி எல்லாப் பட்டையையும் கால்களையும் மறுபடி தொட்டுப் பாருங்கள். ராமநாதபுரத்திலிருந்து கிளம்புகிறவருக்கு உச்சிப்புளி டீக்கடை தோது.

பார் இல்லாமல், கதவு வழியாகப் பட்டை போடும் மெத்தை ரேக் போதுமா?

எப்போதாவது போகிறவருக்கு, ஒன்றிரண்டு லேசான பலகைக்கு, குறைந்த வேகத்துக்குப் போதும். பட்டையைக் கதவைத் திறந்து உள்வழியாகப் போட வேண்டும், ஜன்னல் வழியாகப் போட்டால் கதவே திறக்காது. கயாக்குக்கு வேண்டாம். பக்கவாட்டில் திரை ஏர்பேக் உள்ள வண்டியில் பட்டை அதன் வழியில் குறுக்கிடும், கையேட்டைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கண்ணாடிக் கூரை வண்டிக்கும் இது ஆகாது.

போலீஸ், ஆர்டிஓ பிரச்சினை வருமா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கழற்றி மாட்டும் குறுக்குப் பார், கூரையை வெட்டித் துளைக்கும் நிரந்தர வேலை, இரண்டும் ஒன்றல்ல. கழற்றும் வகையை வாங்க இதுவும் ஒரு காரணம்.

அதைவிட முக்கியம் பாரம் நீட்டிக்கொண்டிருப்பது. 2019 திருத்தத்துக்குப் பின் 194(1ஏ) பிரிவின்படி, பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ உயரத்திலோ அனுமதித்த அளவைத் தாண்டி பாரம் நீண்டால் அபராதம் 20,000 ரூபாய். கேரியர் விலையைவிட அதிகம். பலகையைப் பக்கவாட்டில் ஒருபோதும் நீட்டாதீர்கள். கயாக் பின்னால் கொஞ்சம் நீளும் என்றால் நுனியில் சிவப்புத் துணி கட்டுங்கள், இருட்டிய பின் ஓட்டாதீர்கள்.

மைலேஜ் குறையுமா?

குறையும், சத்தமும் வரும். பலகை இல்லாத நாளில் பாரைக் கழற்றி வீட்டில் வையுங்கள், உப்பிலிருந்தும் தப்பும்.

பலகையைக் காரின் மேலேயே வெயிலில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாமா?

வேண்டாம். நுரை மேல் ஃபைபர் சுற்றிய பலகை சூட்டில் உள்காற்று விரிந்து தோல் கிளம்பிக் கொப்பளமாகும். காற்றடித்த சப் போர்டு என்றால் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டுப் போங்கள். வெள்ளை வேட்டி ஒன்றை நனைத்துப் போர்த்தினால்கூட நல்ல பலன்.

பழைய கேரியர் ஒன்று சல்லிசாக வருகிறது, வாங்கலாமா?

உங்கள் கார் மாடலுக்கான கால் என்றால் வாங்கலாம். பாரைத் தரையில் உருட்டிப் பாருங்கள், வளைந்திருந்தால் தத்தும். எல்லா போல்ட்டையும் நீங்களே ஸ்பேனர் போட்டுக் கழற்றிப் பாருங்கள், ஒன்று இறுகியிருந்தாலும் விலையைக் குறைத்துக் கேளுங்கள். கால் ரப்பரை மடக்கும்போது வெடிப்பு தெரிந்தால் புது ரப்பர் கிடைக்குமா என்று விசாரித்த பிறகே காசைக் கொடுங்கள். பழைய பட்டையைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள், புதிதாக இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள்.